படம் நிற்கட்டும், குரல் வரட்டும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரமில்லாதவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆன்லைன் வகுப்பு நடத்துகிறவர்கள், அதற்கு ஆப் எழுதுகிறவர்கள், பிள்ளையை அதன் முன்னால் உட்கார வைத்திருக்கும் பெற்றோர் மூவரும் இன்றே படித்துவிடுங்கள். சண்டையே உங்களோடுதான்.

வகுப்பில் குரல் விட்டு விட்டு வந்தால் எல்லோரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "நெட் ஸ்லோ." போன வாரம் நானும் புலம்பிக்கொண்டிருந்தபோது என் மைத்துனர் மகன், "மாமா, 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறிடுங்க, எல்லாம் சரியாயிடும்" என்றான். நல்ல பிள்ளை, அக்கறையில் சொன்னது. ஆனால் நாடு முழுக்க எல்லோருக்கும் இந்த ஒரே மருந்தைத்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். நோய் வேறு, மருந்து வேறு. அதற்கு மாதாமாதம் பில் மட்டும் சரியாக வருகிறது.

34 வருடம் இயற்பியல் நடத்தியவன். வேகம் என்ற சொல்லைக் கண்டபடி பயன்படுத்தினால் எனக்குத் தாங்காது. மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள். எத்தனை ஆயிரம் கன அடி என்பது ஒரு கணக்கு. கல்லணைக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆகும் என்பது இன்னொரு கணக்கு. கன அடியைக் கூட்டினால் தண்ணீர் கொஞ்சம் முன்னே வரலாம், அன்று மாலையே வந்து நிற்காது. எம்பிபிஎஸ் என்பது கன அடி. நேரடிப் பேச்சுக்கு வேண்டியது மற்றக் கணக்கு: சொன்னது எத்தனை மில்லிசெகண்டில் காதில் விழுகிறது? சினிமா பார்க்கிறவருக்கு அது பொருட்டே இல்லை. படம் பத்து நொடி முன்கூட்டியே இறங்கிக் காத்திருக்கும். இரண்டு பேர் பேசும்போது முன்கூட்டி இறக்கி வைக்க என்ன இருக்கிறது? அவர் இன்னும் வாயைத் திறக்கவே இல்லையே.

இதற்கு அளவுகோல் உண்டு. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐ.டி.யு., தொலைபேசிக்கு ஒரு பரிந்துரை வைத்திருக்கிறது. ஒரு பக்கத் தாமதம் 150 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்களுக்குப் பாதகமில்லை. 400-ஐத் தாண்டும்படி எந்த வலையமைப்பையும் திட்டமிடக் கூடாது. இந்த எண்கள் வானத்திலிருந்து விழவில்லை. ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் இடையில் மனிதர்கள் விடும் இடைவெளியைப் பல மொழிகளில் அளந்து பார்த்திருக்கிறார்கள். சராசரி 200 மில்லிசெகண்ட் அளவில்தான் இருக்கிறது. தாமதம் அதை விழுங்கிவிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். பிறகு "நீங்க சொல்லுங்க சார்", "இல்லம்மா, நீ சொல்லு." வெளிநாட்டு போன் செயற்கைக்கோள் வழியாக வந்த காலத்தில் நம் வீடுகளில் எல்லோரும் இதை அனுபவித்திருக்கிறோம். 35,786 கிலோமீட்டர் மேலே போய் அதே தூரம் கீழே வர, ஒளியின் வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகும். அதை எந்த பிளானும் குறைக்காது.

வகுப்பறையில் இதன் விளைவு என்ன? நான் "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டுவிட்டு, கொஞ்சம் நின்று, அடுத்த கணக்குக்குப் போவேன். வாயாடிப் பிள்ளை எப்படியும் குறுக்கே புகுந்து கேட்டுவிடும். மூன்றாவது பெஞ்சில் தயங்கித் தயங்கிக் கை தூக்கும் பிள்ளைக்கு அந்தச் சின்ன இடைவெளிதான் வாசல். என் கேள்வி அவளுக்கு அரை நொடி தாமதமாகப் போய், அவள் குரல் அரை நொடி தாமதமாக எனக்கு வந்தால், நான் ஏற்கெனவே கரும்பலகைப் பக்கம் திரும்பியிருப்பேன். இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாவது முறை அவள் கேட்கவே மாட்டாள். "இந்தப் பிள்ளை வகுப்பில் கலந்துகொள்வதில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவோம்.

தாமதத்தை விடவும் கெட்டது ஒன்று உண்டு: ஒழுங்கில்லாத தாமதம். ஆங்கிலத்தில் ஜிட்டர் என்பார்கள். நம் டவுன் பஸ்தான் அது. டிப்போவிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று கிளம்பும். நம் நிறுத்தத்துக்கு அரை மணி நேரம் ஒன்றும் வராது, பிறகு மூன்று சேர்ந்து வரும். குரலும் இப்படித்தான் போகிறது. பொதுவாக 20 மில்லிசெகண்ட் நீளத் துண்டாக வெட்டி, நொடிக்கு 50 பாக்கெட் கிளம்பும். வரும்போது கொத்துக் கொத்தாக வரும். அதனால் வாங்கும் பக்கத்தில் ஒரு சின்னக் காத்திருப்பு அறை வைத்து, சேர்த்து, ஒழுங்குபடுத்தி, 20 மில்லிசெகண்டுக்கு ஒன்றாகக் காதுக்கு விடுகிறார்கள். பஸ் ஒழுங்கற்று வர வர அந்த அறையைப் பெரிதாக்க வேண்டும். அறை பெரிதானால் தாமதமும் கூடும். சிறிதாக வைத்தாலோ, பிந்தி வந்த துண்டைக் குப்பையில் போட வேண்டும். "ரோபோ குரல்" என்று சொல்கிறீர்களே, அந்த ஓட்டைகளை ஆப் தானாக இட்டு நிரப்பப் பார்ப்பதால் வருவதுதான் அதில் பெரும்பகுதி.

பிந்தி வந்த குரலும் வராத குரலும் ஒன்றுதான். இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் டேனி கோஹன் என்ற விஞ்ஞானி முக்கியமானவர். விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டர் வேலையிலிருந்து வந்தவர். விமானி குச்சியை அசைத்த பிறகு திரை யோசித்துக்கொண்டிருக்க முடியாது என்பது அவருக்குக் கைப்பழக்கம். 1974-லேயே அவரும் கூட்டாளிகளும் அமெரிக்காவின் ஆர்பாநெட்டில் குரலைப் பாக்கெட்டாக அனுப்பிப் பேசிக் காட்டினார்கள். அன்றைய விதிமுறையில் ஒரு பாக்கெட் தொலைந்தால் திரும்பக் கேட்டு வாங்கும் வரை பின்னால் வந்ததெல்லாம் வரிசையில் நிற்க வேண்டும். வங்கிக் கணக்குக்கு அது சரி. பேச்சுக்கு அது தூக்குக் கயிறு. தொலைந்தது தொலையட்டும், அடுத்ததைக் கொடு என்று கோஹன் போன்றவர்கள் வாதாடியதால்தான் 1978-ல் டிசிபி வேறு, ஐபி வேறு என்று பிரித்தார்கள். 1980-ல் யுடிபி வந்தது. இன்று நீங்கள் செய்யும் வீடியோ கால்களில் பெரும்பாலானவை அந்த யுடிபி மேல்தான் ஓடுகின்றன. அதாவது இணையத்தின் அஸ்திவாரத்தையே மனிதக் குரலுக்காக ஒரு முறை உடைத்துக் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டில் குடியிருந்துகொண்டு நாம் குரலைத் திண்ணையில் படுக்க வைத்திருக்கிறோம்.

இனி கணக்குக்கு வருவோம். பேனா எடுங்கள். பழைய டிஜிட்டல் தொலைபேசிக் குரலுக்கு நொடிக்கு 8000 மாதிரிகள், ஒவ்வொன்றும் 8 பிட், ஆக 64 கேபிபிஎஸ். 2012-ல் வந்த ஓபஸ் என்ற குறியீட்டு முறை 24 கேபிபிஎஸ்ஸிலேயே அதைவிடத் தெளிவாகப் பேசும். 24,000-ஐ 50-ஆல் வகுத்தால் பாக்கெட்டுக்கு 480 பிட், அதாவது 60 பைட். அதன் மேல் முகவரி, வரிசை எண், நேர முத்திரை எல்லாம் எழுதிய உறை 40 பைட். கடிதத்துக்கும் உறைக்கும் வித்தியாசம் பார்த்தீர்களா, அஞ்சலட்டைக்குப் பதிவுத் தபால் உறை போட்ட மாதிரி! அதையும் சேர்த்து மொத்தம் 40 கேபிபிஎஸ். சுமாரான வீடியோ ஒன்றுக்கு 1 எம்பிபிஎஸ் என்று வைத்துக்கொண்டால் ஒரு படத்தின் இடத்தில் 25 பேர் பேசலாம். பாடத்தில் எது எவ்வளவு போய்ச் சேர்கிறது என்று நான் விளக்க வேண்டியதில்லை. கண்ணை மூடிக்கொண்டு என் வகுப்பைக் கேட்டுத் தேறியவர்கள் உங்களில் பலர். (கண்ணை மூடியது கவனத்தினால் அல்ல என்பதும் எனக்குத் தெரியும்.)

இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்தைச் சொல்கிறேன். என் தங்கை பேத்தி கோத்தகிரிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறாள், பன்னிரண்டாம் வகுப்பு. நுழைவுத் தேர்வுக்கு ஒரு பயிற்சி மையத்தில் மாலை நேர ஆன்லைன் வகுப்பு. பெயர் வேண்டாம். அங்கே ஒரு விதி: கேமரா அணைந்திருந்தால் ஆப்சென்ட். மலையில் அவளுக்குக் கிடைப்பது அலைபேசி ஹாட்ஸ்பாட், அதிலும் மேலே அனுப்பும் பாதை ஒற்றையடிப் பாதை. கேமராவைப் போட்டால் அவள் முகம் போகிறது, அவள் கேள்வி போகவில்லை. அணைத்தால் கேள்வி போகிறது, வருகைப் பதிவு போகிறது. ஒரு மாதத்தில் ஆறு நாள் ஆப்சென்ட் போட்டு, வீட்டுக்கு எச்சரிக்கைக் குறுஞ்செய்தி. "தாத்தா, நான் எல்லா நாளும் இருந்தேன்" என்று சொல்லும்போது அந்தப் பிள்ளை அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பழகிவிட்டாள்.

அவள் குரல் ஏன் போகவில்லை? ஹாட்ஸ்பாட், ரௌட்டர், கோபுரம் எல்லாவற்றிலும் ஒரு வரிசை உண்டு. உதாரணத்துக்கு, ஒரு பெட்டி 500 கிலோபைட் வரை தேக்கி வைக்கும், மேலே அனுப்பும் பாதை 2 எம்பிபிஎஸ் என்று கொள்ளுங்கள். வரிசை நிரம்பினால் கடைசியில் நிற்கும் பாக்கெட்டுக்குக் காத்திருப்பு 4000 கிலோபிட் வகுத்தல் 2000. இரண்டு நொடி. வீடியோ அந்த வரிசையை நிரப்புகிறது, 60 பைட் குரல் பின்னால் போய் நிற்கிறது. அரிசி மூட்டை லாரிகளுக்குப் பின்னால் தந்திச் சேவகன். நினைவு மலிவாகிவிட்டது என்று பெட்டிகளில் அளவில்லாமல் தேக்க இடம் வைத்ததால் வந்த இந்த நோயை ஜிம் கெட்டிஸ் என்ற பொறியாளர் 2010 வாக்கில் தன் வீட்டு இணைப்பில் கண்டுபிடித்து பஃபர்புளோட் என்று பெயர் வைத்தார். 2012-ல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் மருந்தும் கண்டார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று பார்க்காதே, பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று பார், நெடுநேரம் நின்றால் ஒன்றிரண்டைத் தூக்கிப்போட்டு அனுப்புகிறவருக்கு உணர்த்து, என்பது அதன் சாரம். மெல்லிய ஓட்டங்களுக்கு முன்னால் வழிவிடும் வகையும் சேர்ந்து 2018-ல் ஆவணமாகவே வந்துவிட்டது, இலவசம். அப்புறமும் நமக்குக் கிடைக்கும் பல பெட்டிகளில் அது இல்லை, அல்லது இருந்தும் முடுக்கப்படவில்லை. கடைக்காரரிடம் கேட்டால் ஆண்டெனா எத்தனை என்று காட்டுகிறார்.

அடுத்தது சர்வர் இருக்கும் இடம். 40 பேர் வகுப்பில் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரோடும் நேரடியாக இணைந்தால் 40 பெருக்கல் 39 வகுத்தல் 2, ஆக 780 இணைப்புகள். ஒவ்வொரு பிள்ளையும் 39 பிரதி மேலே அனுப்ப வேண்டும். நடக்காத காரியம். அதனால் நடுவில் ஒரு சர்வர் வாங்கி எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிறது. நல்ல ஏற்பாடுதான். அந்த சர்வர் எங்கே உட்கார்ந்திருக்கிறது? கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும். சென்னையிலோ மும்பையிலோ சர்வர் இருந்தால் கவலையில்லை. சிங்கப்பூர் என்றாலும் சுமார் 3200 கிலோமீட்டர், 16 மில்லிசெகண்ட், பரவாயில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரை என்றால் குறைந்தது 14,000 கிலோமீட்டர், போக 70, வர 70. இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆசிரியரும் மாணவியும் பேசிக்கொள்ள ஒளிக்கு மட்டுமே 140 மில்லிசெகண்ட் கப்பம். 150-ல் மிச்சம் 10. அதற்குள் மைக், குறியீடு, வைஃபை, காத்திருப்பு அறை எல்லாம் அடங்க வேண்டுமாம்! வாடகை மிச்சம் என்று தூரத்து சர்வரில் ஏற்றும் என் அருமை மாணவர்களே, உங்கள் மாதாந்திர பில்லில் இந்தக் கணக்கு வராது. மூன்றாவது பெஞ்சுக்காரியின் வாயை அடைத்த கணக்கு அது.

எதிர்வாதங்கள் வரும், தெரியும். பெங்களூரில் இருக்கும் ஒரு பழைய மாணவர் முன்பே சொல்லிவிட்டார்: "சார், ஆப் தானாகவே படத்தைக் குறைத்துக் குரலைக் காப்பாற்றும்." பல ஆப்கள் முயல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் நெரிசல் வந்து, பாக்கெட் தொலைந்து, அதை உணர்ந்து, பிறகுதான் குறைக்கிறது. அதற்குள் இரண்டு வாக்கியம் போய்விடும். கொஞ்ச நேரம் நன்றாக இருந்தால் திரும்பப் படத்தை ஏற்றிப் பார்க்கிறது, மறுபடி நெரிசல். இந்த ஊஞ்சலை நிறுத்த எளிய வழி, அந்தப் பிள்ளை தானே கேமராவை அணைப்பது. அந்த ஒரு வழியைத்தான் விதி போட்டு அடைத்திருக்கிறீர்கள்.

"உதடும் ஒலியும் பொருந்த வேண்டாமா?" நல்ல கேள்வி. படமும் குரலும் தனித்தனி ஓட்டமாக, தனித்தனி நேர முத்திரையோடு வருகின்றன. வாங்கும் பக்கம் பொருத்திக் காட்ட வேண்டும். படம் பொதுவாகப் பிந்தும். ஆகவே பொருத்தம் வேண்டுமென்றால் முன்னால் வந்த குரலைப் பிடித்து நிறுத்தி வைப்பார்கள். நல்ல இணைப்பில் சரி. மோசமான இணைப்பில் இது அநியாயம். ஆற்றின் அக்கரையில் ஒருவர் துணி துவைக்கும்போது அடி முதலில் தெரியும், ஓசை பிறகு கேட்கும். அதனால் ஒலி பிந்துவதைக் கண் பொறுக்கும், முந்துவதை அவ்வளவு பொறுக்காது. ஐ.டி.யு.வின் ஒளிபரப்பு அளவுகோலிலும் ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருந்தாத உதட்டைப் பார்த்துச் சிரிக்கலாம், பிந்திய குரலோடு பேச முடியாது. இணைப்பு நலிந்தால் பொருத்தத்தைக் கைவிடுங்கள்.

"முகம் பார்க்காமல் எப்படி சார் பாடம்?" 34 வருடம் முகம் பார்த்துத்தான் நடத்தினேன், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் திரையில் 49 தபால்தலை ஒட்டிவைத்துப் பார்ப்பதற்குப் பெயர் முகம் பார்ப்பது அல்ல. அது எண்ணிக்கை எடுப்பது. கேட்கிற பிள்ளையின் முகம் மட்டும் கேட்கும்போது வந்தால் போதும். கரும்பலகை போக வேண்டும், நிச்சயமாக. எழுத்து அசையாது, அதைக் கூர்மையாக, மெதுவாக அனுப்பலாம். பேரனைப் பார்க்க ஏங்கும் பாட்டியிடம் போய் நான் கேமராவை அணைக்கச் சொல்லவில்லை. காது கேளாத பிள்ளைகளுக்கு மட்டும் என் தலைப்பையே மாற்றி எழுத வேண்டும். சைகை மொழிக்குப் படம்தான் குரல். அங்கே கூர்மை குறைந்தாலும் அசைவு தடைபடக் கூடாது. அதற்கும் இன்றைய ஆப்கள் தனியாக ஒரு பொத்தான் வைத்தால் என்ன?

இதெல்லாம் முடியாத காரியம் என்கிறவர்கள் கையிலுள்ள அலைபேசியைப் பாருங்கள். அதே கோபுரம், அதே அலைக்கற்றை. 4ஜியில் சாதாரண அழைப்பு, அதாவது வோல்டி-யில் பேசினால், அந்தக் குரலுக்கு உத்தரவாதமான தனித் தடம் ஒதுக்குகிறார்கள். கைபேசியிலிருந்து நிறுவனத்தின் நுழைவாயில் வரை 100 மில்லிசெகண்ட் என்று கெடுவே வைத்திருக்கிறார்கள். ஆப் வழியாகப் பேசினால் அதே குரல் பொது வரிசையில். இணையம் முழுக்க இப்படி இடம் ஒதுக்க 1997-ல் ஆர்எஸ்விபி என்று ஒரு விதிமுறை வந்தது. வழியிலுள்ள ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு அழைப்பையும் நினைவில் வைக்க வேண்டும், யார் யாருக்குக் காசு தருவது என்று தீர்க்க வேண்டும். பொது இணையத்தில் நடக்கவில்லை. 1998-ல், பாக்கெட்டின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தால் போதும், அதைப் பார்த்து வழிவிடலாம் என்றார்கள். ஒரு நிறுவனத்தின் எல்லை தாண்டும்போது அடுத்த நிறுவனம் பொட்டை அழித்துவிடும். ஆகவே நடுவழியில் யாரும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. இரண்டு ஓரங்களிலும், சர்வரிலும்தான் நாம் ஒழுங்காக இருக்க முடியும்.

ஆகவே ஆப் எழுதுகிறவர்களிடம் கேட்கிறேன்: "குரல் மட்டும்" என்பதை நாலு அமைப்புக்குள் ஒளிக்காமல் முகப்பில் வையுங்கள், அதில் சேர்ந்தவரும் வகுப்பில் இருந்தவர்தான் என்று அறிக்கையில் காட்டுங்கள். தாமதம் 400-ஐத் தாண்டினால் ஆசிரியர் திரையில் ஒரு மஞ்சள் விளக்காவது எரியட்டும். அவர் இன்னும் இரண்டு நொடி காத்திருப்பார். வகுப்பு நடத்தும் மையங்கள் சாதாரண தொலைபேசி எண்ணில் அழைத்தும் சேர வழி வைக்க வேண்டும், அந்தத் தனித் தடம் அப்போது கிராமத்துப் பிள்ளைக்கும் கிடைக்கும். கேமரா விதி நாளைக்கே போக வேண்டும். வருகை தெரிய வேண்டுமானால் நடுவில் ஒரு கேள்வி கேளுங்கள். அதற்குத்தானே வாத்தியார்?

என் பேச்சை நம்ப வேண்டாம், இன்றிரவு சோதித்துப் பாருங்கள். வீட்டில் ஒருவர் பெரிய வீடியோ ஒன்றை இணையத்தில் ஏற்றட்டும். அது ஓடும்போதே அதே வைஃபையில் இன்னொருவர் வாட்ஸ்அப்பில் யாரையாவது அழைத்து ஒன்று, இரண்டு என்று மாற்றி மாற்றி எண்ணுங்கள். பிறகு வைஃபையை விட்டு, சாதாரண அழைப்பில் அதே எண்ணிக்கை. ஊர், பிளான் எத்தனை எம்பிபிஎஸ், இருபது வரை எண்ண எத்தனை நொடி ஆயிற்று என்று கீழே கமெண்டில் எழுதுங்கள். 300 எம்பிபிஎஸ்காரர்கள் கட்டாயம் எழுத வேண்டும், மைத்துனர் மகன் உட்பட. எல்லாவற்றையும் அட்டவணை போட்டு, கோத்தகிரிப் பிள்ளையின் ஆறு நாள் கணக்கையும் சேர்த்து, அந்தப் பயிற்சி மையத்துக்கு மாத இறுதியில் தபாலில் அனுப்பப் போகிறேன்.